சைக்கிள் வழி சொல்லும் கருவியும் ஏஐ முகவரும்: கையேட்டில் இட்டேரியை எழுதுவது யார்?

அவிநாசியில் இருக்கும் ஒருவர் கைபேசியிலுள்ள ஏஐ உதவியாளரிடம், "நாளைக் காலை சைக்கிளில் கோபிக்குப் போக வேண்டும், லாரி அதிகம் ஓடாத வழி சொல்" என்று கேட்கிறார். சில நொடிகளில் தூரம், நேரம், வரைபடம் எல்லாம் வந்துவிடுகின்றன. அந்த வழி நம்பியூர் பக்கமாக நல்ல தார்ச்சாலையில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். கீழ்பவானி வாய்க்கால் மேட்டில், பாலமே இல்லாத ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தவும் செய்யலாம். எது நடக்கும் என்பது ஏஐயின் கெட்டிக்காரத்தனத்தைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது வேறொன்று: அந்த ஏஐ அழைத்த வழித்தடக் கருவிக்கு, அதாவது வழியைக் கணக்கிடும் மென்பொருளுக்கு, யாரோ எழுதிவைத்த கையேடு.

மென்பொருள் செய்பவர்கள் தங்கள் கருவிகளுடன் "ஏஐ முகவர்களுக்கான குறிப்பு" என்று தனிக் கோப்புகளை இப்போது வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இயந்திரத்துக்கு எதற்குக் கையேடு, அதுதான் எல்லாவற்றையும் படித்துவிட்டதே என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. சைக்கிள் வழித்தடக் கருவி ஒன்றைக் கொங்கு நாட்டில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும்.

முகவர் எப்படி வேலை செய்கிறது

பெரிய மொழி மாதிரி என்பது எழுத்துகளைப் படித்து எழுத்துகளை உருவாக்கும் ஒரு மென்பொருள். அதற்குள் சாலை வரைபடம் எதுவும் இல்லை. பயிற்சியின்போது படித்த கட்டுரைகளிலிருந்து, கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே ஏறக்குறைய எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லிவிடும். ஆனால் அதன் பயிற்சி முடிந்த பிறகு வந்த சாலை அதற்குத் தெரியாது. கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்குக் கட்டிய மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே பயிற்சி முடிந்த மாதிரிக்கு அந்த மேம்பாலம் இன்னும் கட்டுமானப் பணியாகவே இருக்கும்.

இந்தக் குறையை நீக்குவதற்காக மொழி மாதிரிக்கு வெளியே இருக்கும் கருவிகளை அழைக்கும் வசதியைக் கொடுத்தார்கள். அப்படிக் கருவிகளை அழைத்து, விடையைப் படித்து, அடுத்த படியைத் தானே முடிவு செய்யும் அமைப்பைத்தான் ஏஐ முகவர் என்கிறோம். நடப்பது இதுதான்:

1. பயனர் கேட்கிறார்.
2. முகவர் தன்னிடம் உள்ள கருவிகளின் பட்டியலைப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு கொடுக்க வேண்டும் என்ற அட்டவணை இருக்கும்.
3. பொருத்தமான கருவியைத் தேர்ந்து, உள்ளீடுகளை நிரப்பி அழைக்கிறது.
4. கருவி கணக்கிட்டு விடையை அனுப்புகிறது.
5. முகவர் அதைப் படித்துத் தன் சொற்களில் பயனருக்குச் சொல்கிறது, அல்லது இன்னொரு முறை அழைக்கிறது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்ற நெறிமுறை இந்தப் பட்டியலுக்கு ஒரு பொது வடிவம் கொடுத்தது. எந்தக் கருவியையும் எந்த முகவருடனும் இணைக்கலாம் என்ற நிலை அதனால் வந்தது.

இரண்டாவது படியில்தான் விஷயம் இருக்கிறது. கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது முகவருக்குத் தெரியாது. விளக்கத்தில் எழுதியிருப்பதுதான் அதற்குக் கருவி. எழுதாமல் விட்ட இடத்தில் அது நின்று யோசித்து, "இது எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வது அரிது. வழக்கமாக எது இருக்குமோ அதை வைத்து நிரப்பிவிடும். அந்த 'வழக்கம்' பெரும்பாலும் ஐரோப்பாவின் வழக்கம், அமெரிக்காவின் வழக்கம்.

கருவி எப்படி வழி கண்டுபிடிக்கிறது

சைக்கிளுக்கு வழி சொல்லும் திறந்த மூலக் கருவிகள் பல. பிரௌட்டர், வல்ஹல்லா, கிராஃப்ஹாப்பர், ஓஎஸ்ஆர்எம் ஆகியவை முக்கியமானவை. எல்லாவற்றுக்கும் அடிப்படைத் தரவு ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் அது. உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்து வளர்த்தது. அதில் ஒவ்வொரு சாலையும் ஒரு கோடு. கோட்டின் மேல் சிறு குறிப்புகள் ஒட்டியிருக்கும்: இது நெடுஞ்சாலையா, ஊர்ச்சாலையா, வண்டித்தடமா, மேற்பரப்பு தாரா, மண்ணா, ஒருவழியா, சைக்கிளுக்கு அனுமதி உண்டா.

இந்தக் கோடுகள் சேர்ந்த வலையில் மிகக் குறைந்த செலவில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் பாதையைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கு. 1959-இல் நெதர்லாந்தின் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட முறையும், 1968-இல் அதை இலக்கு நோக்கி விரைவுபடுத்திய முறையும் இன்றுவரை இதன் அடித்தளம். இங்கே செலவு என்பது பணம் அல்ல, நேரம் மட்டுமும் அல்ல. ஒரு சாலையில் ஒரு கிலோமீட்டர் போவது சைக்கிள்காரருக்கு எவ்வளவு பாரம் என்பதன் மதிப்பு. அமைதியான ஊர்ச்சாலைக்கு மதிப்பு 1, தேசிய நெடுஞ்சாலைக்கு 3 என்று வைத்தால், நெடுஞ்சாலையில் 5 கிலோமீட்டர் என்பது 15 ஆகிறது. ஊர்கள் வழியாகச் சுற்றிப்போகும் 9 கிலோமீட்டர் 9 ஆகவே நிற்கிறது. கருவி சுற்றுவழியைத் தேர்ந்தெடுக்கும். எந்தச் சாலைக்கு என்ன மதிப்பு என்று எழுதிய பட்டியலைச் செலவுப் பட்டியல் என்று சொல்லலாம். பிரௌட்டரில் இது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கருவியின் பெரிய நல்ல குணம் அது.

மேடு பள்ளத்தைத் தரைக் கணக்கெடுப்புத் தருவதில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து ரேடார் மூலம் எடுத்த உயர அளவுகளே பல கருவிகளுக்கு ஆதாரம். அதன் கட்டங்கள் 30 மீட்டர் அல்லது 90 மீட்டர் அகலமுடையவை. மலைச்சாலையின் ஒரு கொண்டை ஊசி வளைவு முழுவதும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம்; மரத்தின் உச்சியைத் தரை என்று அது அளந்திருக்கவும் கூடும். ஏற்றக் கணக்கில் பிழை இருக்கும் என்பதைக் கையேடு மறைக்கக் கூடாது.

மனிதருக்கு எழுதியது முகவருக்கு ஏன் போதாது

பழைய கையேடுகள் மோசமானவை அல்ல. படிப்பவர் தப்பாகச் செய்தால் திரையில் வரைபடத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. முகவர் படத்தைப் பார்ப்பதில்லை, எண்களைப் பார்க்கிறது. அதனால் கீழ்க்காணும் இடங்களில் பிசகுகிறது.

1. ஆயத்தொலைவின் வரிசை. ஈரோடு ஏறக்குறைய வடக்கு 11.34, கிழக்கு 77.72 பாகையில் இருக்கிறது. பேச்சிலும் பாடநூலிலும் அட்சரேகைதான் முதலில் வரும். பிரௌட்டரும் ஓஎஸ்ஆர்எம்மும் தீர்க்கரேகையை முதலில் கேட்கின்றன. வரிசை மாறினால் ஈரோடு, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே பனிக்கடலில் போய் விழும். அது நடந்தால் பிரௌட்டர் போன்ற கருவி பிழை சொல்லும், பிழை உடனே பிடிபடும். ஆனால் 'இந்த இடம் தரவில் இல்லை' என்ற செய்தியை மட்டும் பார்த்த முகவர், ஈரோட்டுக்கு வரைபடமே இல்லை என்று பயனரிடம் சொல்லிவிடும். 'இந்தப் பிழை வந்தால் முதலில் வரிசையைச் சரிபார்' என்ற ஒரு வரி அந்தப் பொய்யைத் தடுக்கும்.

2. சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும் உள்ளீடு. முந்தையதைவிட இது ஆபத்தானது. ஓஎஸ்ஆர்எம்மில் எந்த வாகனத்துக்கு வழி என்பது தரவைத் தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கார்களுக்காகத் தயாரித்த சேவையகத்திடம் (சர்வர்), கேள்வியில் சைக்கிள் என்று எழுதி அனுப்பினாலும், கார் வழியே வரும்; பிழைச்செய்தி வராது. மனிதர் வரைபடத்தில் ஆறுவழிச் சாலையைப் பார்த்து ஐயப்படுவார். முகவர், "இதோ உங்கள் சைக்கிள் வழி" என்று முழு நம்பிக்கையுடன் கொடுத்துவிடும். எந்த உள்ளீடு விடையை மாற்றும், எது மாற்றாது என்று பிரித்து எழுதாத கையேட்டை முழுமையானது என்று சொல்ல முடியாது.

3. சொல்லின் பொருள். கருவிகளின் ஆங்கிலத்தில் பைக் என்றால் சைக்கிள். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். 'வண்டியில் போகிறேன்' என்றாலும் பெரும்பாலும் அதுவே. திருப்பூரிலிருந்து ஒருவர் "பைக்கில் தாராபுரம் போக வழி" என்று கேட்டால் சைக்கிள் கருவியை அழைப்பது தவறு. இந்த வேறுபாட்டைக் கருவியின் விளக்கத்திலேயே எழுத வேண்டும்.

4. சுருக்கிய கோடு. நூறு கிலோமீட்டர் வழியில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கும். அதனால் சில கருவிகள் வழியை எழுத்துச்சரமாகச் சுருக்கி அனுப்புகின்றன. இதில் 5 தசம இடம், 6 தசம இடம் என்று இரண்டு வழக்கங்கள் உண்டு, வல்ஹல்லாவுடையது 6. மாற்றிப் பிரித்தால் எண்கள் பத்து மடங்கு கூடும் அல்லது குறையும். மேலும், மொழி மாதிரி இந்தச் சரத்தை 'மனக்கணக்காக' விரிக்க முயன்றால் இல்லாத ஊர்களைச் சொல்லும். 'இதை நீ விரிக்காதே, வரைபட நிரலிடம் கொடு' என்று நேரடியாக எழுதுவதே நல்லது.

5. சொல்லாமல் வைத்த மதிப்புகள். வல்ஹல்லாவில் சைக்கிள் வகையைச் சொல்லாவிட்டால் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் கொண்ட கலப்பு வகை என்று எடுத்துக்கொள்ளும். பந்தய வகைக்கு 25. அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியில், கியர் இல்லாமல், புத்தகப் பையுடன் போகும் பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு 18 என்பது அதிகம். பால் கேன் கட்டிப் போகிறவருக்கும் அப்படியே. முகவர் சொல்லும் நேரத்தை நம்பித்தான் ஒருவர் பனியன் கம்பெனி ஷிஃப்டுக்குக் கிளம்புகிறார் என்பதை நினைத்தால், இந்த ஒரு எண்ணைக் கையேட்டில் வெளிப்படையாக எழுதுவதன் அருமை தெரியும்.

கொங்கு மண்ணில் எங்கே பிசகும்

பிரௌட்டர் உலகை ஐந்து பாகைக்கு ஐந்து பாகைக் கட்டங்களாகப் பிரித்துத் தரவை வைத்திருக்கிறது. கிழக்கு 75 முதல் 80, வடக்கு 10 முதல் 15 வரையுள்ள ஒரே கட்டத்துக்குள் வால்பாறையும் பழனியும் கரூரும் சத்தியமங்கலமும் அடங்கிவிடுகின்றன. பதிவிறக்கத்துக்கு ஒரே கோப்பு போதும். ஆனால் அந்த ஒரு கோப்புக்குள் இருக்கும் நிலம் ஒரே மாதிரியானது அல்ல.

ஊர்ப் பெயர்கள். வழி தேடுவதற்கு முன் ஊர்ப் பெயரை ஆயத்தொலைவாக மாற்ற வேண்டும். இதற்கு நாமினாட்டிம் போன்ற தேடுகருவி தனியாக இருக்கிறது. கொங்கு நாட்டில் பாளையமும் வலசும் புதூரும் எத்தனை! புதுப்பாளையம், செட்டிபாளையம், காட்டுப்பாளையம் என்று ஒரே பெயரில் பல ஊர்கள். மேட்டுப்பாளையம் என்ற பெயரும் நீலகிரி அடிவாரத்து நகரத்துக்கு மட்டும் உரியதல்ல. கோபி, சத்தி என்று மக்கள் சுருக்கிச் சொல்வது வரைபடத்தில் பதிவாகியிருந்தால்தான் கிடைக்கும். தேடல் பல விடைகள் கொடுக்கும்போது முகவர் முதல் விடையை எடுத்துக்கொண்டு போகக்கூடும். 'ஒன்றுக்கு மேல் வந்தால் வட்டம், மாவட்டத்தோடு பயனரிடம் காட்டிக் கேள்' என்பது கட்டாய விதியாக இருக்க வேண்டும். நாமினாட்டிமின் பொதுச் சேவையகத்தை நொடிக்கு ஒரு முறைக்கு மேல் அழைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். களைப்பறியாத முகவர் நூறு முறை அழைத்துவிடும்.

இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டி போகும் அகலத்தில் மண்தடம்: இதுதான் இட்டேரி. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களின் கிளுவை வேலிகளுக்கு நடுவே இவை மைல் கணக்கில் போகின்றன. சைக்கிளுக்கு இதைவிட நல்ல வழி இல்லாத இடங்களும் உண்டு. லாரி இல்லை, தூசு குறைவு, தூரமும் குறையும். முள் மண்டி, இரண்டாவது வளைவில் படல் கட்டி அடைத்த இட்டேரியும் உண்டு. வரைபடத்தில் இரண்டுமே ஒரே 'வண்டித்தடம்' என்ற கோடுதான்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தடத்தின் தரத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை குறிக்க வசதி உண்டு. மேற்பரப்பைக் குறிக்கத் தனி இடம் உண்டு. தனியார் தடமா என்பதைக் குறிக்கவும் உண்டு. யாராவது நேரில் போய்ப் பார்த்து நிரப்பினால்தான் அவை இருக்கும். நிரப்பாத இடத்தில் ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி ஓர் ஊகத்தை வைத்துக்கொள்கிறது. ஒன்று நல்ல தடம் என்று நினைத்து உள்ளே அனுப்பும். இன்னொன்று மோசம் என்று நினைத்து நெடுஞ்சாலைக்குத் தள்ளும். விடையில் இரண்டும் ஒரே உறுதியுடன் வரும். என் கருத்தில், முகவருக்கான கையேட்டில் வேறெதையும் எழுத இடமில்லாவிட்டாலும் இதை எழுத வேண்டும்: விடையில் எத்தனை கிலோமீட்டர் தூரத்துக்கு மேற்பரப்புத் தகவலே இல்லை என்பதைக் கருவி தனி எண்ணாகக் கொடுக்க வேண்டும், முகவர் அதைப் பயனரிடம் சொல்ல வேண்டும். '38 கிலோமீட்டர்; இதில் 11 கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று தரவில் இல்லை' என்பதே நேர்மையான விடை.

மண்ணும் ஒரே மண் அல்ல. செம்மண் தடத்தில் மழை விட்ட மறுநாள் ஓட்டிவிடலாம். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் தடத்தில் ஐப்பசி மழைக்குப் பிறகு இறங்கினால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். வரைபடத்தில் இரண்டுக்கும் பொதுவாக 'மண்' என்றே இருக்கும். சீமைக்கருவேல முள்ளுக்குக் குறிப்பே கிடையாது. பஞ்சரானவருக்கு மட்டும் தெரியும்.

வாய்க்கால். பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளமுடையது. காலிங்கராயன் வாய்க்கால், கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், தெற்கே பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால்கள் என்று இந்த நாட்டை நீர்வழிகள் குறுக்கும் நெடுக்கும் அறுக்கின்றன. கருவியிடம் ஒரு தோட்டத்தின் ஆயத்தொலைவைக் கொடுத்தால், அது அருகிலுள்ள சாலைக் கோட்டில் அந்தப் புள்ளியை ஒட்டிவைக்கும். அருகிலுள்ள கோடு வாய்க்காலின் எதிர்க்கரையில் இருந்தால் வழி எதிர்க்கரையில் முடியும். வரைபடத்தில் நாற்பது மீட்டர் வித்தியாசம். நேரில், அடுத்த பாலம் வரை சுற்ற வேண்டும். ஒட்டிவைத்த புள்ளிக்கும் கேட்ட புள்ளிக்கும் எவ்வளவு தூரம், நடுவில் நீர்வழி இருக்கிறதா என்பதை விடையில் தரும் கருவி நல்ல கருவி. தராவிட்டால், அதைத் தரவில்லை என்றாவது கையேட்டில் இருக்க வேண்டும்.

காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் காற்றைக் கொங்கு நாட்டில் சைக்கிள் மிதிக்கிறவர் யாரும் மறக்க மாட்டார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் சைக்கிள் எம்மாத்திரம்? பல்லடத்தையும் உடுமலையையும் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதன் காரணமும் இந்தக் கணவாய்தான். காற்றின் எதிர்ப்பு, சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 15 கிலோமீட்டர் வேகத்தில் பல்லடத்திலிருந்து கோவைக்கு மேற்கு நோக்கி மிதிப்பவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகக் காற்று இருந்தால், சார்பு வேகம் 35; எதிர்ப்பு, காற்றில்லாத நாளைவிட ஐந்து மடங்குக்கு மேல். அதே சாலையில் கிழக்கே போகிறவரைக் காற்றே தள்ளிக்கொண்டு போகும்.

பெரும்பாலான வழித்தடக் கருவிகளுக்குக் காற்று தெரியாது. போக ஒரு மணி நேரம், வரவும் ஒரு மணி நேரம் என்றே சொல்லும். இதைக் கருவியின் குற்றமாக நான் பார்க்கவில்லை. வானிலை அதன் வேலை அல்ல. ஆனால் முகவர் வேறொரு வானிலைக் கருவியையும் அழைக்க முடியும். 'இந்த நேரக் கணக்கில் காற்று சேரவில்லை. திசையும் மாதமும் பொருந்தினால் வானிலையைத் தனியாகப் பார்' என்று கையேடு சொன்னால் முகவர் இரண்டையும் சேர்த்துச் சொல்லும். காகிதக் கையேட்டில் அந்த வரி இருந்தாலும், படிக்கும் மனிதர் தானே எண்களைத் தேடிக் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மலை. ஏற்றம் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. புறப்பட்ட இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒன்று. வழியில் ஏறியதை எல்லாம் கூட்டியது இன்னொன்று. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போகும் சாலை, கவர்க்கல் பக்கம் வால்பாறையைவிட உயரமாக ஏறிப் பின் இறங்குகிறது. முதல் கணக்கைச் சொன்னால் சைக்கிள்காரர் ஏமாறுவார். ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ, கால் கொடுக்கும் ஆற்றல் 100 வாட் என்றால், ஒவ்வொரு 100 மீட்டர் கூடுதல் ஏற்றத்துக்கும் 13 நிமிடம் ஆகும். ஏற்றத்துக்கு மட்டுமே அவ்வளவு. உராய்வும் காற்றும் தனி. விடையில் உள்ள எண் எந்தக் கணக்கு என்று அதன் பெயரிலேயே தெரிய வேண்டும்.

ஒரு விளக்கக் குறிப்பு எப்படி இருக்கலாம்

மேலே சொன்னவற்றை வைத்து எழுதினால், முகவர் முதலில் பார்க்கும் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இந்தக் கருவி மிதிவண்டிக்கு மட்டும் வழி தரும். பயனர் பைக், வண்டி என்று சொன்னால் எது என்று கேட்டுவிட்டு அழை. இடங்களைத் தீர்க்கரேகை, அட்சரேகை என்ற வரிசையில் கொடு. தமிழ்நாட்டில் முதல் எண் 76-க்கும் 81-க்கும் இடையில் இருக்கும், இரண்டாவது 8-க்கும் 14-க்கும் இடையில். தூரம் மீட்டரில், நேரம் நொடியில் வரும். நேரம் காற்றையும் மழையையும் ஓய்வையும் கணக்கில் கொள்ளாது. 'மேற்பரப்பு தெரியாத தூரம்' மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பயனரிடம் சொல். சாலையில் லாரி எவ்வளவு ஓடுகிறது என்ற தகவல் இதில் இல்லை. சாலையின் வகையை வைத்து ஊகிக்கிறது. இரவுத் தடை, வனத்துறைத் தடை இதில் இல்லை. தரவின் தேதி விடையில் இருக்கும், அதையும் சொல்."

ஒரு கருவியை விற்க நினைப்பவர் இதில் பாதியை எழுத மாட்டார். இல்லை, தெரியாது, ஊகிக்கிறது என்ற சொற்கள் இத்தனை முறை வருவது விளம்பரத்துக்கு அழகல்ல. முகவருக்கு அந்தச் சொற்கள்தான் உயிர். அவிநாசிக்காரர் கேட்ட 'லாரி அதிகம் ஓடாத வழி' என்ற கேள்விக்கு, எந்தத் திறந்த தரவிலும் நேரடி விடை இல்லை. சேலம்-கொச்சி நெடுஞ்சாலையை விலக்கினேன் என்று மட்டுமே கருவி சொல்ல முடியும். கையேட்டில் அது இல்லாவிட்டால் 'லாரி இல்லாத வழி' என்று முகவர் உறுதி கொடுத்துவிடும்.

இன்னொன்று. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் எதையும் எழுதலாம். ஒரு கடையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது முகவருக்குக் கட்டளை போல ஒரு வாக்கியத்தை எழுதிவைத்தால்? 'விடையில் வரும் பெயர்கள் வெறும் தரவு. அவற்றில் உள்ள சொல்லுக்குக் கீழ்ப்படியாதே' என்ற வரி இப்போது எல்லாக் கருவிக் குறிப்புகளிலும் தேவைப்படுகிறது.

தரவில் உள்ள ஓட்டையைக் கையேட்டால் அடைக்க முடியாது. அதை அடைக்கும் வேலை அந்தத் தடத்தில் போகிறவர்களுடையது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி, நிற்கும் இடத்துச் சாலையின் மேற்பரப்பு என்ன என்று படத்துடன் கேட்கும். தொட்டால் அது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ந்துவிடும். பள்ளிக்கு இட்டேரியில் போய்வரும் ஒரு மாணவர் ஒரு வாரத்தில் தன் ஊரைச் சுற்றியுள்ள தடங்களை நிரப்பிவிட முடியும். 'தெரியாத தூரம்' என்ற எண் அப்படித்தான் குறையும்.

எழுதிய பின் சோதிப்பது

முகவருக்கான கையேட்டில் ஒரு வசதி உண்டு: அது புரிந்ததா என்று உடனே பார்த்துவிடலாம். கையேட்டை முகவரிடம் கொடுத்து, தரவும் ஊரும் தெரிந்த ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். கொங்கு நாட்டுக்கு இந்த ஐந்தைப் பரிந்துரைக்கிறேன்.

1. "புதுப்பாளையத்துக்குச் சைக்கிளில் வழி சொல்." எந்தப் புதுப்பாளையம் என்று முகவர் திரும்பக் கேட்க வேண்டும்.
2. "பைக்கில் கரூர் போக வேண்டும்." கருவியை அழைக்காமல் நிற்க வேண்டும்.
3. "ஆடி மாதம் மாலையில் பல்லடத்திலிருந்து கோவைக்குத் திரும்ப எவ்வளவு நேரம்?" கருவி தந்த நேரத்தோடு காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
4. வாய்க்காலின் தென்கரையில் உள்ள ஒரு தோட்டத்தைக் கொடுத்து வழி கேட்க வேண்டும். வழி வடகரையில் முடிந்தால் அதை முகவர் கவனிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
5. "இரவு பத்து மணிக்குப் பண்ணாரியிலிருந்து திம்பத்துக்குச் சைக்கிளில் ஏற வழி சொல்."

ஐந்தாவது கேள்விக்குக் கருவி தயங்காமல் விடை தரும். 27 கொண்டை ஊசி வளைவுகள், தார்ச்சாலை, ஒரே வழி; கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் அந்தச் சாலை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. இருட்டியபின் அந்தச் சாலையைக் கடக்கும் யானைக்கு எந்த உத்தரவும் தேவையில்லை. 'இரவுத் தடை இதில் இல்லை' என்ற வரியைப் படித்த முகவர் தேடிப் பார்த்துவிட்டு, பகலில் போகச் சொல்லும். படிக்காத முகவர் தூரத்தையும் நேரத்தையும் சொல்லி, பத்திரமாகப் போய் வாருங்கள் என்று வாழ்த்தி அனுப்பும்.